விரிசலை அடைக்கும் இளம் கைகள்: கேரளத்தில் கிறிஸ்தவ - முஸ்லிம் நல்லிணக்கத்தின் இன்னொரு பக்கம்

மூவாற்றுப்புழாவிலிருந்து கோதமங்கலத்துக்குச் சாலை வழியே சுமார் 12 கி.மீ. தூரம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பர் கடைசி வாரத்தில் "மதச்சார்பற்ற இளைஞர் பேரணி" ஒன்று இந்தச் சாலையில் நடைபெற்றது. பேரணி கோதமங்கலத்தை அடைந்தபோது மக்ரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பேரணியில் வந்த முஸ்லிம்கள் எங்கே தொழுவது என்ற கேள்வி எழுந்தது. அவ்வூரின் பழைமையான தேவாலயமான மார்த்தோமா செறியபள்ளி தன் வளாகத்தைத் திறந்துவிட்டது. முஸ்லிம் லீக் இளைஞர் அணியின் மாநிலத் தலைவராக இருந்த பாணக்காடு முனவ்வர் அலி ஷிஹாப் தங்ஙள் முன்னின்று தொழுகை நடத்தினார்.

தேவாலய வளாகத்தில் தொழுகை நடைபெற்ற படங்கள் மறுநாள் நாடு முழுவதும் பரவின. ஆனால், அந்தத் தேவாலயமே அப்போது பெரும் சிக்கலில் இருந்தது என்பது வெளிமாநிலங்களில் பலருக்குத் தெரியாது. யாக்கோபைய, ஆர்த்தடாக்ஸ் பிரிவுகளுக்கு இடையிலான நெடுங்கால வழக்கில், செறியபள்ளியைக் கையகப்படுத்துமாறு மாவட்ட ஆட்சியருக்கு அதே டிசம்பர் மாதத் தொடக்கத்தில்தான் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. தேவாலயம் யாக்கோபையரின் கையைவிட்டுப் போகக்கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் ஊரிலுள்ள ஹிந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். 1685-ல் மேற்காசியாவிலிருந்து வந்து இங்கேயே மறைந்த யல்தோ மார் பசேலியோஸின் கல்லறை இத்தேவாலயத்தில்தான் உள்ளது. அவருக்கு வழிகாட்டியதாகக் கூறப்படும் நாயர் குடும்பத்தின் வழித்தோன்றல் ஆண்டுதோறும் நடைபெறும் திருவிழா ஊர்வலத்தில் விளக்கேந்தி முன்செல்வது வழக்கம். எனவே, அன்று மாலை கதவு திறந்தது திடீர் உணர்ச்சியால் அல்ல. ஊருக்குள் ஏற்கெனவே இருந்த கொடுக்கல் வாங்கல் ஒன்றின் தொடர்ச்சி அது.

பேரணி புறப்பட்ட ஊருக்கு வேறொரு நினைவும் உண்டு.

அதே ஊர், வேறொரு ஞாயிற்றுக்கிழமை:

2010 ஜூலை 4 அன்று, தேவாலயத்தில் வழிபாட்டை முடித்துக்கொண்டு குடும்பத்தாருடன் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பேராசிரியர் டி.ஜே. ஜோசப்பை மூவாற்றுப்புழாவில் ஒரு கும்பல் வழிமறித்தது. அவரது வலது கையை வெட்டி எறிந்தது. தொடுபுழா நியூமன் கல்லூரியில் மலையாளத் துறையில் பணியாற்றிய அவர் தயாரித்த வினாத்தாள் ஒன்றில் நபிகள் நாயகம் இழிவுபடுத்தப்பட்டதாகக் குற்றம்சாட்டி நடத்தப்பட்ட தாக்குதல் அது.

உடனடியாக அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. கை மீண்டும் பொருத்தப்பட்டது. அப்போது அவருக்கு ரத்தம் கொடுக்க முன்வந்தவர்கள், ஜமாஅத்-இ-இஸ்லாமியின் இளைஞர் பிரிவான சாலிடாரிட்டியைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர்கள். கையை வெட்டியவர்களும் தங்கள் மதத்தின் பெயரால்தான் வெட்டினர். ரத்தம் கொடுத்தவர்களும் அதே மதத்தின் பெயர் கெடக்கூடாது என்றுதான் கொடுத்தனர். இந்த வழக்கைத் தேசியப் புலனாய்வு அமைப்பு விசாரித்தது. 2015-ல் 13 பேரும், 2023-ல் மேலும் 6 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. தாக்குதலில் தொடர்புடையதாகக் கூறப்பட்ட பாப்புலர் ஃப்ரண்ட் அமைப்பை 2022 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது.

ஜோசப்பின் துயரம் அத்துடன் முடிந்துவிடவில்லை. சர்ச்சையைக் காரணம் காட்டி கல்லூரி நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. மதநிந்தனை வழக்கிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்த பின்னரும் வேலை திரும்பக் கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டது. வறுமையும் மனவேதனையும் சூழ்ந்த நிலையில் 2014 மார்ச் மாதம் அவரது மனைவி தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகே, ஓய்வு பெறும் நாளுக்குச் சற்று முன்பாக, அவர் மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவர் எழுதிய தன்வரலாற்று நூல் பின்னர் கேரள சாகித்ய அகாதெமி விருது பெற்றது. கேரளத்தில் கிறிஸ்தவ - முஸ்லிம் உறவு குறித்துப் பேசுவோர் எவரும் இந்த மனிதரைத் தாண்டிச் செல்ல முடியாது. அவரை ஒரு தரப்பு வெட்டியது என்று மட்டும் சொல்வோரும், மறு தரப்பு கைவிட்டது என்று மட்டும் சொல்வோரும் பாதிக் கதையையே சொல்கின்றனர்.

ஒரே சொல், இரு வழிபாட்டிடங்கள்:

மலையாளத்தில் "பள்ளி" என்றால் தேவாலயம், மசூதியும் பள்ளிதான். தமிழ் முஸ்லிம்கள் "பள்ளிவாசல்" என்று சொல்வதன் பாதிச் சொல் அது. கேரள முஸ்லிம்களை "மாப்பிள்ளை" என்று அழைப்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. சிரியன் கிறிஸ்தவர்களும் ஒரு காலத்தில் அதே பட்டப்பெயரைச் சூடியிருந்தனர். மலையாள மனோரமா நாளிதழைத் தொடங்கியவர் பெயர் கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை.

கொல்லத்தில் கிறிஸ்தவ வணிகர்களின் தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கி.பி. 849-ல் உரிமைகள் வழங்கிய செப்பேடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதில் சாட்சிக் கையெழுத்துகள் அரபு, பஹ்லவி, ஹீப்ரு எழுத்துகளில் உள்ளன. ஒரு தேவாலயத்துக்கான சாசனத்தில் முஸ்லிம் வணிகர்கள் சாட்சிகளாகக் கையெழுத்திட்டு 11 நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் முஸ்லிம்கள் 26.56 சதவீதம், கிறிஸ்தவர்கள் 18.38 சதவீதம். இரு சமூகமும் சேர்ந்தால் ஏறத்தாழ 45 சதவீதம். நாட்டின் வேறெந்தப் பெரிய மாநிலத்திலும் இத்தகைய நிலை இல்லை. இந்த இரு சமூகங்களும் ஐக்கிய ஜனநாயக முன்னணியின் இரு தூண்களாகப் பல பத்தாண்டுகள் இருந்தவை. ஆகவே, இவற்றுக்கு இடையே விழும் விரிசல் வெறும் மத விவகாரம் அல்ல. அதன் எதிரொலி தில்லி வரை கேட்கும்.

விரிசல் விழுந்த இடங்கள்:

இரு சமூகத்தாருக்கும் இடையே கேரளத்தில் பெருங்கலவரம் என்று சொல்லத்தக்க எதுவும் அண்மைக் காலத்தில் நடக்கவில்லை. மனக்கசப்பு மெல்ல மெல்லவே வளர்ந்தது. "லவ் ஜிஹாத்" என்ற சொல் 2009 வாக்கில் கேரளத்தில் புழக்கத்துக்கு வந்தது. காசர்கோடு, பாலக்காடு மாவட்டங்களிலிருந்து 2016-ல் ஆப்கானிஸ்தானுக்குச் சென்று பயங்கரவாத இயக்கத்தில் சேர்ந்த குழுவில், கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து மதம் மாறிய சிலரும் இருந்தனர். அச்சம் முழுவதும் கற்பனை அல்ல என்று பெற்றோர் பலர் கருதியதற்கு இது காரணமாயிற்று. 2020 ஜனவரியில் சிரோ மலபார் ஆயர் பேரவை வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. அடுத்த மாதமே, அப்படிப்பட்ட வழக்கு எதையும் மத்திய அமைப்புகள் பதிவு செய்யவில்லை என்று மத்திய உள்துறை அமைச்சகம் மக்களவையில் பதில் அளித்தது. கேள்வி கேட்டவர் கேரளத்தைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர்.

இளைஞர்களை நேரடியாகத் தொட்டது கல்வி உதவித்தொகைப் பிரச்னைதான். சச்சார் குழு அறிக்கையைத் தொடர்ந்து, கேரளத்தில் பாலோளி குழுவின் பரிந்துரைப்படி முஸ்லிம் மாணவர்களுக்கென ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அதில் 20 சதவீதம் லத்தீன் கத்தோலிக்கர், மதம் மாறிய கிறிஸ்தவர் ஆகியோருக்கு ஒதுக்கப்பட்டது. 80-க்கு 20 என்ற இந்த விகிதம் அநீதியானது என்று கிறிஸ்தவ அமைப்புகள் கூறின. முஸ்லிம்களின் பின்தங்கிய நிலைக்காகவே வந்த திட்டத்தைப் பங்கு போட்டதே தவறு என்று முஸ்லிம் அமைப்புகள் வாதிட்டன. 2021 மே 28 அன்று உயர் நீதிமன்றம் அந்த விகிதத்தை ரத்து செய்தது. மக்கள்தொகை விகிதப்படி வழங்க மாநில அரசு ஜூலையில் முடிவெடுத்தது. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த மாணவர்கள், தங்களில் யாருக்கு எவ்வளவு என்று கைபேசிகளில் கணக்குப் பார்க்கத் தொடங்கிய ஆண்டு அது எனலாம். வறுமை என்ற ஒரே அளவுகோலைப் பற்றி அப்போது பேசியவர்கள் குறைவு.

அந்தச் சூடு ஆறுவதற்குள், 2021 செப்டம்பரில் குரவிலங்காடு தேவாலயத்தில் பேசிய பாலா மறைமாவட்ட ஆயர் ஜோசப் கல்லறங்காட்டு "நார்க்கோட்டிக் ஜிஹாத்" என்ற புதிய சொல்லைப் பயன்படுத்தினார். முதல்வர் பினராயி விஜயன் அதை ஏற்கவில்லை. ஆயரின் இல்லத்தை நோக்கி முஸ்லிம் அமைப்புகள் பேரணி நடத்தின. ஆயருக்கு ஆதரவாக எதிர்ப் பேரணியும் நடைபெற்றது. இரண்டிலும் முன்வரிசையில் நின்றவர்கள் இளைஞர்கள்.

தீயை அணைக்க முயன்றோரும் இருந்தனர். அதே குரவிலங்காட்டில், முஸ்லிம்களைப் பற்றிப் பிரசங்கத்தில் தவறாகப் பேசப்பட்டதாகக் கூறி கன்னியாஸ்திரீகள் சிலர் திருப்பலியிலிருந்து பாதியில் எழுந்து வெளியேறினர். கோட்டயத்தில் சி.எஸ்.ஐ. ஆயரும் தாழத்தங்காடி மசூதி இமாமும் ஒன்றாக அமர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்து அமைதி காக்குமாறு வேண்டினர். திருவனந்தபுரத்தில் கர்தினால் கிளீமிஸ் கூட்டிய சமயத் தலைவர்கள் கூட்டத்துக்கு முனவ்வர் அலி ஷிஹாப் தங்ஙளும் சென்றிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செறியபள்ளியில் தொழுகை நடத்திய அதே இளந்தலைவர்.

இளைஞர்கள் ஒரே பக்கத்தில் இல்லை:

இளைஞர்கள் என்றாலே நல்லிணக்கத்தின் தூதர்கள் என்று எழுதிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதல்ல.

2023 மே மாதம் வெளியான "தி கேரளா ஸ்டோரி" திரைப்படம் மாநிலத்தில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டதாகக் கூறப்பட்டதற்கு நம்பத்தகுந்த தரவு இல்லை என்பதைப் படத்தின் தொடக்கத்தில் தெரிவிக்குமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும், 2024 ஏப்ரலில் இடுக்கி மறைமாவட்டம் விடுமுறைக்கால மறைக்கல்வி வகுப்பில் பதின்வயது மாணவர்களுக்கு அதே படத்தைக் காட்டியது. மக்களவைத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. தாமரச்சேரி மறைமாவட்டத்தில் படத்தைத் திரையிட முன்வந்தது கேரள கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தின் கிளைதான்.

அதே வாரத்தில் எர்ணாகுளம் - அங்கமாலி உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த சாஞ்சோபுரம் புனித யோசேப்பு தேவாலயம் வேறொரு படத்தைத் திரையிட்டது. அது மணிப்பூர் வன்முறை குறித்த ஆவணப்படம். ஒரே திருச்சபையின் இரு மறைமாவட்டங்கள், தங்கள் பிள்ளைகள் எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதில் நேரெதிரான முடிவுகளை எடுத்தன.

அதற்கு இரு மாதங்களுக்கு முன்பு பூஞ்சாறில் நடந்தது இன்னும் நுட்பமானது. பூஞ்சாறு கிறிஸ்தவர்கள் மிகுந்த ஊர். அருகிலுள்ள ஈராற்றுப்பேட்டை முஸ்லிம்கள் மிகுந்த நகரம். 2024 பிப்ரவரியில் பள்ளி மாணவர்கள் சிலர் பூஞ்சாறு புனித மரியன்னை தேவாலய வளாகத்துக்குள் கார், பைக்குகளை ஓட்டிச் சென்று சாகசம் காட்டினர். தடுக்க வந்த உதவிப் பங்குத் தந்தை காயமடைந்தார். கொலை முயற்சி வழக்கு பதிவானது. கைதானவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தனர். எந்த ஊரிலும் தேர்வுக்கு முந்தைய நாள்களில் மாணவர்கள் செய்யும் அத்துமீறல் என்று முடிந்திருக்க வேண்டிய விவகாரம், சில மணி நேரத்தில் மத மோதலாகச் சமூக வலைதளங்களில் உருவெடுத்தது. அமைச்சர் ஒருவரை அனுப்பி அமைதிக் கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. பின்னர் இது குறித்து முதல்வர் கூறிய கருத்தும் சர்ச்சையானது. வண்டியோட்டியவர்கள் எந்த மதத்தவர் என்பதே விவாதமாகி, காயமடைந்த பாதிரியாரும் வழக்கில் சிக்கிய மாணவர்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டனர்.

தொப்பியும் முக்காடும் அணிந்த பாடகர்கள்:

இத்தனைக்கும் நடுவே, மேடையோ அறிக்கையோ இல்லாமல் இளைஞர்கள் செய்த சில காரியங்கள் மக்களின் நினைவில் நிற்கின்றன. 2019 கிறிஸ்துமஸின்போது பத்தனம்திட்டை மாவட்டம் கோழஞ்சேரி மார்த்தோமா தேவாலயத்தின் இளைஞர்கள், முஸ்லிம்களைப் போல ஆண்கள் தொப்பியும் பெண்கள் முக்காடும் அணிந்து மாப்பிள்ளைப் பாட்டு மெட்டில் கிறிஸ்துமஸ் கீதம் பாடினர். உடையை வைத்தே போராட்டக்காரர்களை அடையாளம் காணலாம் என்று பிரதமர் நரேந்திர மோடி ஜார்க்கண்ட் தேர்தல் கூட்டமொன்றில் பேசியிருந்த நாள்கள் அவை. கோழஞ்சேரி இளைஞர்கள் அதற்குப் பதில் எழுதவில்லை, பாடினார்கள்.

முஸ்லிம் தரப்பில், சமஸ்தா அமைப்பின் மாணவர் பிரிவான எஸ்.கே.எஸ்.எஸ்.எஃப். ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் "மனுஷ்ய ஜாலிகா" என்ற பெயரில் கைகோத்து நின்று உறுதிமொழி ஏற்கும் நிகழ்ச்சியை நடத்தி வந்திருக்கிறது. பிற மதத்தவரை மேடைக்கு அழைப்பது அதன் வழக்கம். ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் சடங்கு என்று இதை ஒதுக்குவோரும் உண்டு.

பேரிடர்கள் வந்தபோது சடங்குகளுக்கு அவசியம் ஏற்படவில்லை. 2018 பெருவெள்ளத்தில் வைக்கம் அருகே அச்சினகம் தேவாலய நிவாரண முகாமுக்கு வெச்சூர் ஜும்ஆ மசூதியைச் சேர்ந்தவர்கள் உணவும் தண்ணீரும் மருந்தும் கொண்டு சேர்த்தனர். அதற்கு நன்றி சொல்லச் சென்ற பாதிரியார், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியிருந்தோர் முன்னிலையில் மசூதிக்குள்ளேயே பேச அழைக்கப்பட்டார். 2019 ஆகஸ்டில் மலப்புரம் மாவட்டம் கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் உயிரிழந்தனர். மருத்துவமனை தொலைவில் இருந்ததால், போத்துக்கல் மசூதியின் தொழுகை இடமே பிரேதப் பரிசோதனைக் கூடமாயிற்று. இறந்தவர் என்ன மதம் என்று அங்கு யாரும் கேட்கவில்லை.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாடு மாவட்டம் முண்டக்கை, சூரல்மலை பகுதிகள் மண்ணுக்குள் போயின. முஸ்லிம் லீக் இளைஞர் அணியின் "வெள்ளைக் காவலர்" தொண்டர்கள் மேப்பாடியில் சமையல்கூடம் அமைத்து உணவு வழங்கினர். வெவ்வேறு கட்சிகள், சபைகள், அமைப்புகளின் இளைஞர்கள் தோளோடு தோள் நின்று சேற்றில் தேடினர். அடையாளம் தெரியாத உடல்களும் உடல் பாகங்களும் புத்துமலையில் பல மதப் பிரார்த்தனைகளுடன் அடக்கம் செய்யப்பட்டன. கல்லறைகளில் பெயருக்குப் பதிலாக எண்கள் இடப்பட்டன.

முனம்பத்தில் வந்த சோதனை:

புத்துமலையில் சர்வமதப் பிரார்த்தனை நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2024 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டக் கடலோர ஊரான முனம்பத்தில் வேளாங்கண்ணி மாதா தேவாலய வளாகத்தில் தொடர் உண்ணாவிரதம் தொடங்கியது. சுமார் 600 குடும்பங்கள் வசிக்கும் 404 ஏக்கர் நிலம் வக்ஃபு சொத்து என்று மாநில வக்ஃபு வாரியம் 2019-ல் அறிவித்ததன் விளைவு இது. குடும்பங்களில் பெரும்பாலானவை லத்தீன் கத்தோலிக்க மீனவர்களுடையவை. காசு கொடுத்து வாங்கிய நிலத்துக்கு வரி செலுத்த முடியவில்லை. அடமானம் வைத்து மகளுக்குத் திருமணம் செய்யவோ, மகனைப் படிக்க வைக்கவோ முடியவில்லை என்பது அவர்களின் குறை. பேரிடரில் பெருகிய பரிவு, நிலப் பத்திரத்தின் முன் செல்லுபடியாகுமா என்ற சோதனை அங்கே வந்தது.

முதலில் நடந்தது நல்லதாகவே இருந்தது. அந்தக் குடும்பங்களை வெளியேற்றக்கூடாது என்று முஸ்லிம் லீக் அறிவித்தது. நவம்பரில் அக்கட்சியின் மாநிலத் தலைவர் சாதிக் அலி ஷிஹாப் தங்ஙளும் பி.கே. குஞ்ஞாலிக்குட்டியும் வராப்புழை பேராயர் இல்லத்துக்குச் சென்று லத்தீன் ஆயர்களைச் சந்தித்தனர். ஆனால் முடிவு எடுக்கப்பட வேண்டிய இடம் நீதிமன்றமாகவும் தலைமைச் செயலகமாகவும் இருந்ததால், நல்லெண்ணத்தால் வரி ரசீது கொடுக்க முடியவில்லை. அந்த இடைவெளியில் அரசியல் நுழைந்தது. 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது தில்லியில் அதிகம் உச்சரிக்கப்பட்ட கேரள ஊரின் பெயர் முனம்பம். மசோதாவை ஆதரிக்குமாறு கேரள கத்தோலிக்க ஆயர் பேரவை எம்.பி.க்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டம் நிறைவேறிய சில நாள்களில் முனம்பம் மக்களைச் சந்தித்த மத்திய அமைச்சர் கிரண் ரிஜிஜு, சட்டப் போராட்டம் தொடர வேண்டியிருக்கும் என்று கூறியபோது பந்தலில் இருந்தவர்கள் ஏமாற்றம் அடைந்தனர்.

இந்த வழக்கில் ஒரு விவரம் தில்லி விவாதங்களில் அதிகம் இடம்பெறவில்லை. அந்த நிலம் 1950-ல் சித்திக் சேட் என்பவரால் கோழிக்கோடு ஃபரூக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. மலபார் முஸ்லிம் இளைஞர்களின் உயர் கல்விக்காக 1948-ல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. மீனவக் குடும்பங்களுக்கு நிலத்தை விற்றதும் அக்கல்லூரிதான். அந்த நிலம் தங்களுக்கு அன்பளிப்பாக வந்ததே தவிர வக்ஃபு அல்ல என்று கல்லூரி நிர்வாகமே வாதிட்டது. 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்ற அமர்வும் அதே கருத்தைத் தெரிவித்தது. இரு மதத்தாருக்கு இடையிலான வழக்கு என்று நாடு முழுவதும் பேசப்பட்ட ஒன்றில், முஸ்லிம் கல்லூரியும் கிறிஸ்தவ மீனவர்களும் ஒரே தரப்பில் நின்றனர்.